கணினி வாட்டர் கூலிங்: பம்ப் வாங்கும் முன்பும், மாற்றும் நாளிலும்

போன கோடையில் என் கணினியில், சிப்பின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் கூலிங் பம்பை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஏழு வாரம் இழுத்தது. முதலில் வாங்கிய பம்ப் தேவையே இல்லாதது. இரண்டாவது பம்ப் நல்லதுதான், ஆனால் என்னிடம் இருந்த ரெசர்வாயரில் (தண்ணீர் நிற்கும் சின்னத் தொட்டி) உட்காராது. அதற்கான ரெசர்வாயர் வெளிநாட்டிலிருந்து வரும்வரை கணினி திறந்த வயிறோடு மேசையில் கிடந்தது. இத்தனைக்கும் எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டியவை நான்கைந்து விஷயங்கள்தான். தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் அந்த ஏழு வாரமும் பணமும் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

இது தனித்தனியாகப் பாகங்கள் வாங்கிக் கட்டும் கஸ்டம் லூப்புக்கானது. லூப் என்றால் பம்ப், சிப்பின்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக், அந்தச் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர், ரெசர்வாயர் எல்லாவற்றையும் ட்யூபால் இணைத்த தண்ணீர்ச் சுற்று. நீங்கள் வைத்திருப்பது எல்லாம் சேர்த்து மூடி வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலர் என்றால், பெரும்பாலானவற்றில் பம்ப் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அதைத் தனியாக மாற்ற வழியில்லை. வாரன்ட்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுவதுதான் உங்கள் முதல் வேலை.

1. பம்பைச் சந்தேகப்படும் முன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

லூப்பில் இரண்டு சூடு இருக்கிறது. ஒன்று சிப்பின் சூடு, மற்றது தண்ணீரின் சூடு. திரையில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் முதலாவது மட்டும்தான். இரண்டாவதைப் பார்க்க ஒரு சிறிய சென்சார் வேண்டும். பார்க்க ஜி 1/4 என்ற அளவில் மரை போட்ட அடைப்பான் மாதிரியே இருக்கும். ரெசர்வாயரிலோ ரேடியேட்டரிலோ காலியாக இருக்கும் துளையில் திருகிவிடலாம். விலை சில நூறு ரூபாய். மதர்போர்டில் வெப்ப சென்சாருக்கான இரண்டு பின் இருந்தால் நேராக அதில் செருகலாம். இல்லாவிட்டால் அந்த வசதியுள்ள ஃபேன் கன்ட்ரோலர் வேண்டும். பம்ப் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இதை வாங்குங்கள் என்பேன்.

சென்சார் போட்டபின் அரை மணி நேரம் கணினிக்கு முழு வேலை கொடுங்கள். தண்ணீரின் சூடு அறையின் சூட்டைவிடப் 10 டிகிரி போலத்தான் கூடியிருக்கிறது, ஆனால் சிப் மட்டும் 90-ஐத் தாண்டுகிறது என்றால் கோளாறு பிளாக்கில், அல்லது சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டில், அல்லது ஓட்டத்தில். தண்ணீரே அறையைவிட 20 டிகிரி ஏறிவிட்டது என்றால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது விசிறி காற்றைத் தள்ளவில்லை. இந்த இரண்டாவது வகைக்கு எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் பலன் இருக்காது. பம்ப் சூட்டை வெளியேற்றாது. சூட்டை ரேடியேட்டர்வரை சுமந்துபோகும், அவ்வளவுதான். சொல்லப்போனால் முழு வேகத்தில் ஓடும் டி5 வகைப் பம்ப் (வகைகளை 5-இல் சொல்கிறேன்) இழுக்கும் சுமார் 20 வாட்டில் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் சூடாக இறங்குகிறது.

பம்ப் நின்றே போயிருந்தால் அறிகுறி வேறு. வேலை கொடுத்த சில நொடிகளிலேயே சிப்பின் சூடு எகிறும். ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

2. ஓட்டத்தை அளந்து பாருங்கள்

ஃப்ளோ சென்சார் இருந்தால் திரையிலேயே எண் வந்துவிடும். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஒரு லிட்டர் அளவுக் குவளையும் கைபேசியின் ஸ்டாப்வாட்சும் போதும். நான் என் தம்பியை வைத்துக்கொண்டு செய்தேன்.

முதலில் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எதற்கும் மின்சாரம் போகாமல் எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின்வழங்கி) கேபிள்களைக் கழற்றி, பம்புக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தோம். எப்படி என்று 8-இல் சொல்கிறேன். ரெசர்வாயருக்குத் திரும்பி வரும் ட்யூபின் முனையைக் கழற்றி, அதை ரெசர்வாயரில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலேயே பிடித்துக் குவளைக்குள் விட்டேன். முனையைத் தரை வரை தாழ்த்தினால் தண்ணீர் தானாகவே இறங்கி ஓட்டம் பொய்யாகக் கூடிவிடும், அதனால் மட்டம் முக்கியம். தம்பி இன்னொரு குவளையிலிருந்து டிஸ்டில்டு வாட்டரை ரெசர்வாயரில் ஊற்றிக்கொண்டே இருந்தான். "அண்ணா, குறையுது, குறையுது" என்று அவன் கத்தும்போதுதான் பம்ப் எவ்வளவு சீக்கிரம் 250 மில்லியை உறிஞ்சிவிடும் என்று எனக்கே தெரிந்தது. ரெசர்வாயரில் தண்ணீர் தீர்ந்து பம்ப் காற்றை இழுக்க விடக்கூடாது. ஊற்றும் ஆள் கண்ணை எடுக்கக்கூடாது.

ஒரு லிட்டர் நிறைய 40 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், மணிக்கு 90 லிட்டர். குறைவுதான். அந்த எண்ணைப் பார்த்ததும் பம்ப் பலவீனம் என்று முடிவு கட்டினேன். அங்கேதான் தவறினேன். இருந்த 10 வாட் டிடிசி வகைப் பம்பை எடுத்துவிட்டு 18 வாட் பம்பை வாங்கி அதே இடத்தில் போட்டேன். மறுபடி அளந்தால் 33 நொடி. சத்தம் மட்டும் இரண்டு மடங்கு.

இரண்டு நாள் கழித்து சிபியு பிளாக்கைத் திறந்தேன். உள்ளே செம்பில் முடி அளவு இடைவெளியில் வரிவரியாகத் தகடுகள் இருக்கும். அந்த இடைவெளி முழுக்கக் கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக ஒன்று படிந்திருந்தது. மலிவான தெளிந்த பிவிசி ட்யூபிலிருந்து காலப்போக்கில் கசியும் பிளாஸ்டிசைசர்தான் (ட்யூப் வளைவதற்காகச் சேர்க்கும் பொருள்) அது. பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். தகடுகள் போகும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினேன். பழைய 10 வாட் பம்பையே திரும்பப் போட்டு அளந்தேன். 19 நொடி. மணிக்கு 189 லிட்டர்.

ஆகவே ஓட்டம் குறைவு என்று அளவில் தெரிந்தாலும் கடைக்கு ஓடாதீர்கள். பிளாக்கைத் திறந்து பாருங்கள். ட்யூப் எங்காவது மடங்கி இருக்கிறதா, ட்யூபை இணைக்கும் வளைந்த ஃபிட்டிங்குகள் வரிசையாக ஏழெட்டு இருக்கின்றனவா, ரேடியேட்டர் உள்ளே பற்றவைத்த கசடு வந்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. எவ்வளவு ஓட்டம் போதும்?

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,186 ஜூல் வேண்டும். உங்கள் சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் சூட்டைத் தண்ணீரில் இறக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், லூப்பில் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் சுமார் 7 டிகிரி வித்தியாசம் இருக்கும். 2 லிட்டர் என்றால் மூன்றரை டிகிரி. 4 லிட்டர் என்றால் 2 டிகிரிக்கும் கீழே. 8 லிட்டர் என்றால் 1 டிகிரிக்கும் கீழே.

எண்களைக் கவனித்தீர்களா? ஒன்றிலிருந்து நான்குக்குப் போனால் 5 டிகிரி லாபம். நான்கிலிருந்து எட்டுக்குப் போனால் ஒரு டிகிரிகூடத் தேறாது, சத்தம்தான் மிஞ்சும். பிளாக்கின் உள்ளே வேகமாக ஓடும் தண்ணீர் சூட்டைச் சற்று நன்றாக வாங்கும் என்பது உண்மை, ஆனால் அதுவும் போகப்போகக் குறையும். மணிக்கு 200 லிட்டரைச் சுற்றி இருந்தால் வீட்டுக் கணினிக்குத் தாராளம். மணிக்கு 100-க்குக் கீழே, பிளாக்கும் சுத்தம், ட்யூபும் சரி என்றால்தான் பம்பை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

வேறு இரண்டு காரணங்களும் நியாயமானவை. ஒன்று, லூப்பில் புதிதாகப் பிளாக்கோ ரேடியேட்டரோ சேர்க்கிறீர்கள். இரண்டு, இருக்கும் பம்பின் கீச்சொலி தாங்க முடியவில்லை. எனக்குக் கடைசியில் இந்த இரண்டுமே வந்தன. கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக், இன்னொரு ரேடியேட்டர், கூடவே இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர்கள் தூக்கம் கெடாமல் வேலை பார்க்க வேண்டிய தேவை.

4. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

டி5 பம்பின் பெட்டியில் மணிக்கு 1,500 லிட்டர் என்று போட்டிருக்கும். கூடவே ஹெட் (பம்ப் தள்ளும் அழுத்தம், தண்ணீரின் உயரக் கணக்கில்) சுமார் 4 மீட்டர் என்றும் இருக்கும். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எதிரே தடையே இல்லாமல் வாளியிலிருந்து வாளிக்கு இறைத்தால் 1,500. ஓட்டமே இல்லாமல் அடைத்துப் பிடித்தால் அந்த 4 மீட்டர் அழுத்தம். உங்கள் லூப் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும். தயாரிப்பாளர் தரும் வளைகோட்டு வரைபடத்தில், மணிக்கு 200 லிட்டர் என்ற இடத்தில் எவ்வளவு ஹெட் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் ஒப்பிட வேண்டிய எண். இணையக் கடைகளில் அந்த வரைபடமே இல்லாமல் லிட்டர் கணக்கை மட்டும் பெரிதாகப் போட்டு விற்கும் பம்புகளை நான் தவிர்ப்பேன்.

ஹெட் என்றதும் நமக்கு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் நினைவுக்கு வரும். கேபினெட் உயரம் அரை மீட்டர்தானே, ஒரு மீட்டர் ஹெட் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஏறி அங்கேயே கொட்டிவிடுகிறது. லூப்பில் ஏறும் தண்ணீரின் எடையை மறுபக்கம் இறங்கும் தண்ணீர் சமன் செய்துவிடுகிறது. நிரம்பி மூடிய லூப்பில் உயரம் ஒரு கணக்கே இல்லை. முதன்முறை நிரப்பும்போது மட்டும்தான் அது குறுக்கே வரும். பம்பின் ஹெட் முழுக்கச் செலவாவது பிளாக்கின் நுண்ணிய தகடுகளையும் வளைவுகளையும் தாண்டுவதில்தான்.

மீன் தொட்டி பம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். 230 வோல்ட் ஏசியில் ஓடுவது, கணினியோடு சேர்ந்து அணைந்து எரியாது, நின்றுபோனால் மதர்போர்டுக்குத் தெரியாது. வேண்டாம்.

5. டி5-ஆ, டிடிசி-யா?

பிராண்டுகள் இருபது இருக்கலாம், ஆனால் கஸ்டம் லூப்பில் புழங்கும் பம்புகள் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பம்தான். ஸைலம் நிறுவனம் தயாரிக்கும் அசல் டி5 பம்பையே பல பிராண்டுகள் தங்கள் மூடி போட்டு விற்கின்றன. அதே உருவத்தில் வேறு ஆலைகளில் செய்யும் நகல்களும் டி5 என்ற பெயரிலேயே வருகின்றன. நகல் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எது என்று தெரிந்து வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

டி5 பெரியது, உருண்டையானது. வேகம் 1,800-இலிருந்து 4,800 ஆர்பிஎம் வரை. உள்ளே சுழலி ஒரு சின்னப் பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்து சுற்றுகிறது, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சியும். மோட்டாரின் சூடு தண்ணீரோடு போய்விடுவதால் நிதானமாக, அமைதியாக ஓடும்.

டிடிசி கைக்கு அடக்கமானது. சின்னக் கேபினெட்டுக்கு இதைவிட்டால் வழியில்லை. 18 வாட் மாடல்களின் ஹெட் 5 மீட்டரை ஒட்டி இருக்கும். தடை அதிகமுள்ள லூப்பில் டி5-ஐவிடத் தள்ளும். ஆனால் அடியில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சூடாகும். வெப்பத்தட்டு இல்லாமல், காற்றில்லாத மூலையில், கேபினெட் தரையோடு ஒட்டி வைத்தால் ஆயுள் குறையும். நம் ஊர் மே மாதத்தில், ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் கிடக்கும்போது, இதை அலட்சியம் செய்யாதீர்கள். சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. டி5 முனகும், டிடிசி கீச்சிடும். முனகலை அடியில் ஒரு மெத்தென்ற பட்டை போட்டு அடக்கலாம். கீச்சொலியை வேகத்தைக் குறைத்துத்தான் அடக்க முடியும்.

என் லூப்புக்கு டி5 சரி. இடம் இருந்தால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இனி, என் பணத்தைத் தின்ற பொறி. டி5-இன் ரெசர்வாயரும் மூடியும் டிடிசிக்குப் பொருந்தாது, டிடிசியுடையது டி5-க்குப் பொருந்தாது. நான் பம்பை மட்டும் ஆர்டர் செய்துவிட்டு, பெட்டியைத் திறந்து பழைய ரெசர்வாயரின் அடியில் வைத்துப் பார்த்தபோதுதான் அது புரிந்தது. ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவதென்றால் பம்பை மட்டும் வாங்கலாம். டி5-க்கு டி5 பெரும்பாலும் பிராண்டு வேறானாலும் உட்காரும், இருந்தாலும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். குடும்பம் மாறினால் பம்பும் ரெசர்வாயரும் சேர்ந்த காம்போதான். அதன் உயரம், அடியில் திருகும் துளைகளின் இடைவெளி, பம்ப் நிற்கப்போகும் இடம் மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இன்டேக், அவுட்லெட் துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும். என் புதிய காம்போவில் அவுட்லெட் எதிர்ப்பக்கம் இருந்ததால் இரண்டு ட்யூபைப் புதிதாக வெட்ட வேண்டி வந்தது.

6. மின் இணைப்பு

டி5 இரண்டு விதமாக வரும். வேரியோ என்ற வகையில் பம்பின் பின்புறம் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு திருகி இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம். எளிமையானது, கெட்டுப்போகவும் இடம் குறைவு. ஆனால் பம்பைப் பொருத்தியபின் அந்தத் திருகிக்குக் கை எட்டுமா என்று முன்கூட்டியே பாருங்கள். பிடபிள்யூஎம் வகையில் வேகத்தை மதர்போர்டே மாற்றும். தண்ணீரின் சூட்டைப் பார்த்து வேகம் மாற வேண்டும் என்றால் இது.

எந்த வகையானாலும் பம்புக்கான மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாட்டா அல்லது மோலெக்ஸ் செருகி வழியாக நேராக வரவேண்டும். மதர்போர்டுக்குப் போவது வேக சிக்னல் கம்பிகள் மட்டும். சாதாரண ஃபேன் ஹெட்டர் (மதர்போர்டில் விசிறியைச் செருகும் பின்கள்) 1 ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். 18 வாட் டிடிசியின் மின்சாரத்தை அதிலிருந்து எடுத்தால் மதர்போர்டில் அந்த ஹெட்டர் கருகிப்போகலாம். பம்புக்கென்று தனி ஹெட்டர் உள்ள போர்டுகளில் அது கூடுதலாகத் தாங்கும். எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும்.

பிடபிள்யூஎம் சிக்னல் கம்பி கழன்றுவிட்டால் சில பம்புகள் முழு வேகத்தில் ஓடும், சில நடு வேகத்தில் நிற்கும். உங்களுடையது எது என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள். இன்னொன்று, வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை எடுத்து இதில் செருகாதீர்கள். செருகி ஒன்றுபோல் இருக்கும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம். அப்படியிருந்தால் பம்ப் அந்த நொடியே போய்விடலாம்.

7. வாங்குவது: பில், செலவு, நாட்கள்

நான் தேடிய சமயத்தில் டிடிசி வகைக் காம்போ 6,000 ரூபாய்க்கு மேலே தொடங்கியது. பெயருள்ள பிராண்டின் டி5 காம்போ 12,000-இலிருந்து 20,000 வரை. விலை மாதத்துக்கு மாதம் ஆடும், அதனால் இந்த எண்களை ஒரு தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பம்போடு செலவு முடியாது. கூலன்ட், புது ட்யூப், இரண்டு மூன்று ஃபிட்டிங், தெர்மல் பேஸ்ட், சுத்தம் செய்ய ஐந்து பத்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் சேர்ந்து எனக்கு இன்னொரு 4,500 ஆனது. பம்பின் விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கணினிப் பாகம் எல்லாமே கிடைக்கும், ஆனால் கஸ்டம் லூப் பம்பைக் கடையில் இருப்பு வைத்திருப்பவர் குறைவு. நான் ஏறி இறங்கிய கடைகளில் ஏஐஓ கூலரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இதற்கென்று இருக்கும் இந்திய இணையக் கடைகளில் வாங்கினால் மூன்று முதல் ஏழு நாளில் வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் விலைக்குமேல் சுங்க வரி, அதற்குமேல் ஐஜிஎஸ்டி, கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் என்று வரும். அவர்கள் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகல், பொருளின் இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது இவற்றை முன்பே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஆர்டரில் உள்ள பெயரும் முகவரியும் அடையாள ஆவணத்தில் இருப்பதோடு ஒத்துப்போகட்டும். என் பார்சல் ஒன்பது நாள் நின்றது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆர்டரில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால்.

இந்தியாவில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்கட்டும். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பம்பின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் பொருத்தும் முன்பே படம் பிடித்துவிடுங்கள், பிறகு அதைப் பார்க்க லூப்பையே வடிக்க வேண்டி வரும். திருப்பி அனுப்பும் காலம் ஏழு நாளா பத்து நாளா என்று பாருங்கள். தண்ணீர் பட்ட பம்பைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் பொருந்துகிறதா என்று காய்ந்த நிலையிலேயே வைத்துப் பாருங்கள்.

எல்லாப் பொருளும் கைக்கு வந்து சேரும்வரை ஓடிக்கொண்டிருக்கும் லூப்பைக் கழற்றாதீர்கள். இதைத் தனியாக ஒரு படியாகவே போட்டிருக்கலாம்.

8. மாற்றும் நாள்

ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காலையில் தொடங்கினால் மாலைக்குள் தண்ணீர் ஓடும்.

வடிப்பதற்கு வாளி, பழைய துண்டுகள், டிஷ்யூ. கிராபிக்ஸ் கார்டின்மேல் துண்டை விரித்துவிடுங்கள். மிகத் தாழ்வான ஃபிட்டிங்கைத் திறந்து, ரெசர்வாயரின் மேல்மூடியைத் தளர்த்தினால் தண்ணீர் இறங்கும். கேபினெட்டை மெதுவாகச் சாய்த்தால் ரேடியேட்டரில் தங்கியதும் வரும். நிறம் கலங்கியிருந்தாலோ வழவழப்பு தெரிந்தாலோ பிளாக்கைத் திறந்தே தீர வேண்டும்.

புதிய டி5-ஐ மூடிக்குள் வைக்கும்போது ஓ-ரிங்கைக் கையால் தடவிப் பார்த்துப் பள்ளத்தில் முழுதாக உட்கார வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிதுங்கினாலும் அங்கேதான் சொட்டும். அக்ரிலிக் மூடியில் ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் விரிசல் விடும்.

பம்பின் இன்டேக் எப்போதும் ரெசர்வாயருக்குக் கீழேயோ அதன் அடியிலோ இருக்க வேண்டும். தண்ணீர் தானாக இறங்கி பம்பை நிறைக்க வேண்டும். மற்ற பாகங்களின் வரிசை பெரிய விஷயமில்லை. தண்ணீர் சுற்றிச்சுற்றி வருவதால் ரேடியேட்டர் முன்னா பின்னா என்பதில் ஓரிரு டிகிரிக்குமேல் வித்தியாசம் வராது. எந்த வழியில் ட்யூபின் நீளம் குறையுமோ அந்த வழியில் விடுங்கள்.

அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும், அந்தத் துகள் பம்புக்குள் வரும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்று அடித்துச் சோதிக்கும் சின்ன பம்ப் ஒன்று விற்கிறார்கள். அழுத்தம் 0.5 பாரைத் தாண்டாமல் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கவில்லை என்றால் லூப் இறுக்கமாக இருக்கிறது. இதை வாங்கிய பிறகு எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

அடுத்து மின்சாரம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டு, சிபியு, கிராபிக்ஸ் கார்டு கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பம்பின் சாட்டா அல்லது மோலெக்ஸ் மட்டும் இருக்கட்டும். 24 பின் கேபிளில் செருகும் ஜம்பர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதைச் செருகி எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சைப் போட்டால் பம்ப் மட்டும் ஓடும். பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகுபவர்களும் உண்டு. கேபிள் முழுக்கக் கறுப்பாக வரும் இந்தக் காலத்தில் பின் எண்ணைத் தவறாக எண்ண வாய்ப்பு அதிகம், ஜம்பரே வாங்கிவிடுங்கள்.

9. நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

எந்தத் தண்ணீர்? டிஸ்டில்டு வாட்டரில் கலக்கும் கூலன்ட் கான்சன்ட்ரேட், அல்லது நேராக ஊற்றும் ரெடிமேட் கூலன்ட். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், அவற்றில் உப்பு மிச்சம் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை நான் அலசுவதற்கு மட்டும் பயன்படுத்தினேன். வெறும் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றிவிட்டால் சில மாதத்தில் பாசி பிடிக்கும். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து அவசியம்.

ரெசர்வாயரை நிறையுங்கள். சுவிட்சைப் போடுங்கள். இரண்டு மூன்று நொடியில் மட்டம் சரசரவென்று இறங்கும், உடனே அணையுங்கள். மறுபடி நிறையுங்கள். இப்படி ஏழெட்டு முறை. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத்தான் புதிய பம்புகள் சாகின்றன. தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே உராய்வு, சூடு, அப்புறம் அந்தக் கரகர சத்தம் போகவே போகாது. வாரன்ட்டியும் கேட்க முடியாது.

ரெசர்வாயரில் மட்டம் இறங்காமல் நின்றதும் பம்பைத் தொடர்ந்து ஓட விடுங்கள். ஃபிட்டிங் ஒவ்வொன்றின் கீழும் டிஷ்யூ துண்டு வையுங்கள், ஈரம் பட்டால் உடனே தெரியும். கேபினெட்டை இடமும் வலமுமாகச் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்று குபுகுபுவென்று ரெசர்வாயருக்கு வரும். கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் இப்படிப் பன்னிரண்டு மணி நேரம் ஓடட்டும். நான் இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் மட்டம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தது. நுண்ணிய குமிழிகள் முழுக்கப் போக ஒரு வாரம்கூட ஆகலாம், அதுவரை லேசான சலசலப்பு இருக்கும்.

10. வேகத்தை வைப்பது

முதல் முறை பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய், பம்பின் வேக சிக்னல் செருகிய ஹெட்டரில் ஆர்பிஎம் காட்டுகிறதா என்று பாருங்கள். அதை சிபியு ஃபேன் ஹெட்டரில் செருகினால் பல போர்டுகள் பம்ப் நின்றதும் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை அமைப்பை அணைத்துவிடாதீர்கள். ஆனால் அந்த ஹெட்டர் சிபியு சூட்டைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கும். பம்ப் ஒவ்வொரு நிமிடமும் உறுமிக்கொண்டே இருக்கும். ஒரே வேகத்தில் நிறுத்துங்கள், அல்லது தண்ணீரின் சூட்டோடு இணையுங்கள்.

எந்த வேகம்? முழு வேகத்தில் வைத்து அரை மணி நேரம் வேலை கொடுத்து சிப்பின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து அதே சோதனை. என்னுடையதில் 100-இலிருந்து 60 சதவீதம் வரை வித்தியாசம் ஒரு டிகிரிதான். 50-இல் இரண்டு டிகிரி. 40-இல் திடீரென்று ஐந்து. 55-இல் நிறுத்தினேன், கேபினெட்டில் காதை வைத்தால்தான் பம்ப் ஓடுவதே தெரிகிறது. வேரியோ என்றால் 3-இல் தொடங்குங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

கோடையில் தண்ணீரின் சூட்டின்மேல் ஒரு கண் இருக்கட்டும். இந்த பம்புகள் 60 டிகிரித் தண்ணீர் வரைக்கும்தான். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்த கடினக் குழாய் அந்தச் சூட்டை நெருங்கும்போதே இளகி ஃபிட்டிங்கிலிருந்து நழுவும். தண்ணீர் 50-ஐத் தொட்டால் கணினி தானாக அணையும்படி மென்பொருளில் வைத்திருக்கிறேன். போன மே மாதம் அதிகபட்சம் 46 வரை போனது.

தேதியையும் அன்றைய ஓட்டத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். என்னுடையதில் "ஒரு லிட்டர், 17 நொடி" என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கூலன்ட் மாற்றும்போது மறுபடி அளப்பேன். 22, 23 நொடி ஆனால் முதலில் பிளாக்கைத்தான் திறப்பேன்.